மறந்த கவிஞரும் முழங்கிய கவிஞரும்

1855 செப்டம்பர் 27ஆம் தேதி இரவு. லண்டன் டார்செட் தெருவில் ராபர்ட் பிரௌனிங்கும் அவர் மனைவி எலிசபெத்தும் தங்கியிருந்த வாடகை வீட்டுக்கு ஆல்ஃபிரட் டென்னிசன் வந்திருந்தார். அவருடைய 'மாட்' என்ற நெடுங்கவிதை வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அதை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அன்றிரவு வாசித்தார். வாசிப்பின் நடுவே நிறுத்தி, 'இந்த இடம் எவ்வளவு அழகு' என்கிற மாதிரி தன் வரியைத் தானே மெச்சிக்கொள்வாராம். எலிசபெத் ஒரு கடிதத்தில் அன்போடு இதை எழுதியிருக்கிறார். டென்னிசன் விடைபெற்றுப் போகும்போது அதிகாலை இரண்டரை மணி. ஓவியர் டான்டே கேப்ரியல் ராசெட்டி ஓர் ஓரமாக உட்கார்ந்து, சோபாவில் சாய்ந்தபடி படித்துக்கொண்டிருந்த அந்தத் தாடிக்காரரைக் கோட்டோவியமாக வரைந்துகொண்டிருந்தார்.

அதே இரவில், அதே அறையில், பிரௌனிங்கும் வாசித்தார். அவர் எடுத்துக்கொண்டது 'ஃப்ரா லிப்போ லிப்பி'. அது அப்போது அச்சேறியிருக்கவில்லை. அந்த நவம்பரில்தான் அது இடம்பெற்ற தொகுப்பு வந்தது. ஓவியரின் தம்பி வில்லியம் மைக்கேல் ராசெட்டி இரண்டு வாசிப்புகளையும் கேட்டவர். அவர் நினைவில் தங்கிய வேறுபாடு இது: டென்னிசனிடம் அறுபடாத ஒரே நீரோட்டம், பிரௌனிங்கிடம் நொடிக்கு நொடி மாறும் துள்ளல். ஒருவர் ஓதினார், மற்றவர் நடித்தார்.

அன்று அந்த அறையில் குரலைப் பிடித்துவைக்கக் கருவி எதுவும் இல்லை. கருவி வந்தபோது இருவரும் கிழவர்களாகிவிட்டார்கள். அது அவர்களிடமிருந்து எதை எடுத்துக்கொண்டது, எதை விட்டுவிட்டது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்க நினைக்கிறேன். 1855இல் கேட்டவர்கள் இருவரிடமும் எதைப் போற்றினார்களோ அது பதிவில் இல்லை. அதற்கு மாறாக, அவர்கள் எதிர்பார்த்திராத ஒன்று இருக்கிறது. என் வாதம் இவ்வளவுதான். ஆனால் அதை நிறுவ மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

தாமஸ் எடிசன் 1877இல் உருவாக்கிய முதல் ஃபோனோகிராஃபில் குரல் பதிந்தது மெல்லிய உலோகத் தாளில். சில தடவை ஓட்டினாலே அது கிழிந்துபோகும். பத்தாண்டுக் காலம் அதைத் தொடாமல் இருந்த எடிசன், 1888இல் மெழுகு உருளையோடு திருத்திய கருவியைக் கொண்டுவந்தார். ஒலிக்குழலுக்குள் பேச வேண்டும். குழலின் அடியில் இருக்கும் மெல்லிய தகடு அதிரும். தகட்டோடு ஒட்டிய ஊசி, சுழலும் மெழுகில் மேடும் பள்ளமுமாகப் பள்ளக்கோடு வெட்டிக்கொண்டே போகும். பிறகு அதே கோட்டில் ஊசியை ஓடவிட்டால் தகடு அதிர்ந்து குரல் திரும்பிவரும். ஓர் உருளைக்கு இரண்டு நிமிடம், அதற்குச் சற்றுக் கூடுதல் என்று வைத்துக்கொள்ளலாம். ஒலிவாங்கியோ மின்பெருக்கியோ கிடையாது. பேசுபவரின் குரலின் வலுவே மெழுகைச் செதுக்கியது. ஆகவே குழலுக்கு வாயை நெருக்கி, குரலை உயர்த்திப் பேசியாக வேண்டும்.

இன்னொரு குணமும் அந்த மெழுகுக்கு உண்டு. ஒவ்வொரு தடவை ஓட்டும்போதும் ஊசி கொஞ்சம் மெழுகைத் தேய்த்துவிடும். ஆசைப்பட்டு அடிக்கடி கேட்கக் கேட்கக் குரல் மங்கும்.

எடிசனின் லண்டன் முகவர் கர்னல் ஜார்ஜ் குரோ. புகழ்பெற்றவர்களின் குரல்களைத் திரட்டினால் கருவிக்கு நல்ல விளம்பரம் என்று கணக்குப் போட்டவர் அவர். 1888 ஜூன் மாதம் கிரிஸ்டல் பேலஸ் அரங்கில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடிய ஹாண்டல் இசைவிழாவைப் பதிவு செய்யச் செய்தார். அதே ஆண்டு அக்டோபரில் இசையமைப்பாளர் ஆர்தர் சலிவனைப் பேசவைத்தார். கவிஞர்களின் முறை அடுத்து வந்தது.

1889 ஏப்ரல் 7. ஓவியர் ருடால்ஃப் லேமனின் லண்டன் வீட்டில் விருந்து. குரோ தன் கருவியோடு வந்திருந்தார். பிரௌனிங்குக்கு 77 வயது நிறைய ஒரு மாதம் பாக்கி. ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டபோது அவர் எடுத்துக்கொண்டது, கென்ட் நகரிலிருந்து எய்க்ஸ் நகருக்கு நற்செய்தி கொண்டுபோகும் மூன்று குதிரைவீரர்களின் கதையைச் சொல்லும் கவிதை. 1845இல் வெளியானது. பிள்ளைகளும் மனப்பாடமாக ஒப்பித்த பாட்டு. 60 வரிகள்.

பதிவில் முதலில் கேட்பது ஒரு முதியவரின் உற்சாகம். பாட்டு நாலுகால் பாய்ச்சலில் தொடங்குகிறது. முதல் வரியிலேயே ஒரு சொல் பிசகுகிறது: அச்சில் அங்கவடி என்று இருக்கும் இடத்தில் அவர் சேணம் என்கிறார். தொடர்ந்து சில வரிகள் ஓடுகின்றன. ஒரு வரி விட்டுப்போகிறது, அடுத்தது குழம்புகிறது. பிறகு குதிரை நின்றுவிடுகிறது. மன்னிக்க வேண்டும், என் கவிதையே எனக்கு நினைவில்லை என்கிறார் அவர். ஆனால் இந்த அதிசயக் கருவி தனக்குள் எழுப்பிய வியப்பை மட்டும் வாழ்நாள் முழுக்க மறக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு, தன் பெயரை உரக்கச் சொல்கிறார். சுற்றி நிற்பவர்கள் கூடி 'ஹிப் ஹிப் ஹுர்ரே' போடுகிறார்கள். அவ்வளவுதான் பதிவு.

அந்த வாழ்நாளில் மிச்சம் இருந்தது எட்டு மாதம். 1889 டிசம்பர் 12 அன்று வெனிஸ் நகரில், மகன் வாங்கியிருந்த கா' ரெஸ்ஸோனிக்கோ மாளிகையில் இறந்தார். அவருடைய கடைசித் தொகுப்பான 'அசோலான்டோ' லண்டனில் வெளியானதும் அதே நாளில்.

இனி டென்னிசன். 1890 மே மாதம். ஒயிட் தீவில் ஃப்ரெஷ்வாட்டர் பக்கம் இருக்கும் ஃபாரிங்ஃபோர்ட் வீட்டுக்கு எடிசன் நிறுவனத்தார் கருவியைக் கொண்டுபோனார்கள். டென்னிசனுக்கு வயது 80. அரசவைக் கவிஞராகி நாற்பது ஆண்டுகள். பிரௌனிங்குக்கு நேர்ந்தது போல விருந்துக்கு நடுவே திடீரென்று குழலை நீட்டிய கதை இல்லை இது. அவர் சொந்த வீடு, சொந்த நேரம். ஒன்றல்ல, பல உருளைகளில் பேசினார். 'மாட்' கவிதையின் ஒரு பகுதி, வெலிங்டன் கோமகனின் மறைவுக்கு எழுதிய இரங்கற்பாவில் ஒரு பகுதி, கனரகக் குதிரைப்படை பற்றிய கவிதை என்று பதிவுகள் நீள்கின்றன. உலகம் இன்று கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான்: 'இலகு குதிரைப்படையின் பாய்ச்சல்'.

அந்தக் கவிதைக்குப் பின்னணி கிரிமியப் போர். 1854 அக்டோபர் 25, பாலக்லாவா. மேலிருந்து வந்த தெளிவற்ற ஓர் உத்தரவால் அறுநூற்றுச் சொச்சம் குதிரைவீரர்கள் ரஷ்யப் பீரங்கி வரிசையை நோக்கிப் பள்ளத்தாக்கில் பாய்ந்தார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். செய்தித்தாளில் அதைப் படித்த டென்னிசன் சில நிமிடங்களில் எழுதி முடித்தார். செய்தியில் இருந்த, தவறு நேர்ந்தது என்ற பொருள்படும் ஒரு சொற்றொடரின் தாளமே தன் கவிதையின் சந்தமாயிற்று என்று பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த டிசம்பர் 9ஆம் தேதி 'எக்ஸாமினர்' இதழில் கவிதை வந்துவிட்டது. மறு ஆண்டு புத்தகத்தில் சேர்த்தபோது அந்தத் தவறு பற்றிய வரியை நீக்கிப் பார்த்தார். மனம் ஒப்பவில்லை. திரும்பச் சேர்த்து, போர்முனையில் இருந்த சிப்பாய்களுக்கென்று ஆயிரம் பிரதிகள் அச்சிட்டு அனுப்பினார்.

இரண்டு பேர் பாட்டிலும் குதிரை ஓடுவது தற்செயலாக இருக்கலாம். ஆனால் ஒப்பிட்டுக் கேட்பவனுக்கு இதைவிட நல்வாய்ப்பு வேறில்லை. ஒரே பொருள், ஒரே குளம்படி. ஓட்டும் விதம்தான் வேறு. ஆங்கில யாப்பு அசையின் நீளத்தைவிட அழுத்தத்தையே எண்ணும். பிரௌனிங்கின் நற்செய்திக் கவிதையில் இரண்டு மெல்லிய அசை வந்து மூன்றாவதில் அடி விழும்: தத-தும், தத-தும். டென்னிசனில் முதலில் அடி விழுந்து பின் இரண்டு மெல்லசை உதிரும்: தும்-தத, தும்-தத. இரண்டும் துள்ளலோசைதான். ஆனால் ஒன்றில் ஒவ்வொரு சீரும் மேலெழும்பிக் குதிக்கிறது. மற்றதில் ஒவ்வொரு சீரும் இடித்து விழுகிறது. ஒன்று ஊரைக் காப்பாற்றப் போகிற குதிரை. மற்றது தவறான உத்தரவுக்குச் சாகப் போகிற குதிரை. யாப்பே பொருளைச் சொல்லிவிடுகிறது.

நற்செய்திக் கவிதை நிகழ்ந்த வரலாறு எதையும் சொல்லவில்லை. அந்த நற்செய்தி என்னவென்றே கவிதை சொல்வதில்லை. ஆப்பிரிக்கக் கரையை ஒட்டிப் போன கப்பலில், பல நாள் கடற்பயணத்தில் சலித்துப்போய், வீட்டு லாயத்தில் நின்ற தன் குதிரையில் ஏறி ஒரு பாய்ச்சல் போனால் எப்படியிருக்கும் என்ற ஏக்கத்தில் எழுதியதாக பிரௌனிங்கே சொல்லியிருக்கிறார். கையில் இருந்த ஓர் இத்தாலிய நூலின் வெற்றுத்தாளில், பென்சிலால் எழுதியது. கப்பல் தளத்தில் உட்கார்ந்தபடி குதிரை ஓட்டிய கற்பனை அது. 45 ஆண்டு கழித்து விருந்து வீட்டில் நின்றபடி அதே குதிரையை ஓட்டப் பார்த்தார். நாலு எட்டில் அது நின்றுவிட்டது. எனக்கு அதில் குறையாக எதுவும் தோன்றவில்லை. ஏறும் ஆசை இரண்டு தடவையும் ஒன்றேதான்.

டென்னிசனின் குதிரை நிற்பதில்லை. அவர் வாசிப்பை முதல்முறை கேட்கும் இன்றைய ஆங்கில வாசகர்கள் பலர் திகைக்கிறார்கள். இது பேச்சுமில்லை, பாட்டுமில்லை. உயிரெழுத்துகளை இழுத்து, அழுத்தம் வரும் இடத்தில் ஓங்கி, ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு போகும் முறை. தமிழ்க் காதுக்கு இதில் திகைப்பு குறைவு. நம்மிடம் இதற்கென்றே 'ஓதுதல்' என்று ஒரு சொல் இருக்கிறது. செய்யுளைச் செய்யுளாகவே ஒலிக்க வேண்டும், உரைநடை மாதிரி உடைத்துப் பேசக்கூடாது என்ற கொள்கை அந்தச் சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது. டென்னிசன் அந்தக் கொள்கைக்காரர். தன் கவிதையைப் பிறர் வாசிக்கும் முறை அவருக்குப் பிடிப்பதில்லை. சந்தம் தன் காதில் ஒலிப்பது போலவே மற்றவர் காதிலும் ஒலிக்க வேண்டும் என்பதில் அவர் கண்டிப்பானவர். அச்செழுத்தால் காட்ட முடியாத அந்தச் சந்தத்தை அவர் வாயிலிருந்தே கேட்பதற்கு நமக்கு இருக்கும் ஒரே வழி இந்த உருளைகள்.

சின்ன எடுத்துக்காட்டு ஒன்று. கவிதையில் நூறு என்ற பொருள்தரும் 'ஹண்ட்ரெட்' என்ற சொல், 'தண்டர்ட்', 'பிளண்டர்ட்' போன்ற சொற்களோடு இயைபாக வருகிறது. புத்தக உச்சரிப்பில் இயைபு நொண்டும். டென்னிசன் லிங்கன்ஷயர் மாவட்டத்துச் சோமர்ஸ்பி கிராமத்தில் பிறந்தவர். அந்தப் பக்கத்துப் பேச்சில் அச்சொல் 'ஹண்டர்ட்' என்றே ஒலிக்கும். அப்படிச் சொன்னால் இயைபு இம்மியும் பிசகாது. அரண்மனைக்குப் போய்வந்த கவிஞர், பட்டம் பெற்ற பிரபு, ஆனால் ஊர்ப்பேச்சை அவர் நாக்கு விட்டுவிடவில்லை. இலக்கண நூல் குற்றம் என்று குறித்துவைக்கக்கூடிய ஓர் இடத்தைக் கவிஞரின் மண்வாசனை சரிசெய்துவிடுகிறது. இது மாதிரியான தெளிவு பிரௌனிங்கின் பதிவில் கிடைக்காது. நாலைந்து வரியை வைத்து, அதுவும் தப்பும் தவறுமான வரிகளை வைத்து, அவர் யாப்பைப் பற்றி யாரும் எதையும் நிறுவ முடியாது.

அப்படியானால் டென்னிசன் பதிவே மேலானது என்று முடித்துவிடலாமா? நான் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். முழுக் கவிதை, கவிஞரின் வாய், பல உருளைகள். ஆராய்பவருக்கு வேறென்ன வேண்டும்? இரண்டையும் அடுத்தடுத்துப் பலமுறை கேட்ட பிறகு அந்த எண்ணம் மாறியது.

டென்னிசனைக் கேட்டவர்கள் எல்லோரும் வியந்தது அவர் குரலின் ஆழத்தை. நெஞ்சுக்குள்ளிருந்து வரும் அடர்ந்த குரல் என்றார்கள். நண்பர் எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் அதைத் தூரத்துக் கடலின் இரைச்சலுக்கும் பைன் மரக்காட்டில் வீசும் காற்றுக்கும் ஒப்பிட்டார். மெழுகால் ஏந்திக்கொள்ள முடியாமல் போனதும் அதே ஆழம்தான். அந்தக் காலத்து ஒலிக்குழல் ஒலியின் நடுப்பகுதியை மட்டுமே பிடிக்கும். அடித்தொண்டைக் கார்வை அதில் சன்னமாகிவிடும். 'ஸ', 'ஃப' போன்ற காற்றொலிகளும் நழுவிவிடும். போதாததற்கு அவருடைய உருளைகள் குடும்பத்தாரிடம் இருந்த காலத்தில் வெப்பம் பட்டு நெளிந்தும்போயின. நெளிந்த மெழுகில் ஊசி ஏறி இறங்கும்போது குரல் அலைமோதுகிறது. சில இடங்களில் புயலுக்குப் பின்னாலிருந்து யாரோ கூப்பிடுவது போல் இருக்கிறது. ஆனால் சந்தம் பிழைத்துவிட்டது. அழுத்தம் என்பது விசை. விசை மெழுகில் ஆழமாக இறங்கியிருக்கிறது. மற்றவை தேய்ந்த பிறகும் அடிகள் மட்டும் தூண்கள் மாதிரி நிற்கின்றன.

குதிரைப்படைப் பதிவில் தட்டுகிற ஓசை ஒன்று வரும். கவிஞர் உணர்ச்சி மேலிட்டு மேசையைத் தட்டியிருக்கிறார் என்று ரசித்துச் சொல்பவர்கள் உண்டு. உருளை பழுதாகியிருந்தாலும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை அதே மாதிரி இடிக்கும். தட்டியது கையா மெழுகா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு அந்த மனிதரும் அந்தப் பொருளும் ஒன்றாகிவிட்டார்கள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. டென்னிசன் என்ற ஆள் அந்தப் பதிவில் கரைந்துபோயிருக்கிறார், கவிதை இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். அவரே அதைத்தான் விரும்பியிருப்பார்.

பிரௌனிங்குக்கு நடந்தது இதற்கு நேர்மாறு. அவர் மற்றவர் குரலில் பேசும் கவிஞர். கொலைகாரக் கோமகன், சாகக் கிடக்கும் பிஷப், இரவில் மடத்தைவிட்டு நழுவி ஊர் சுற்றி மாட்டிக்கொண்ட ஓவியத் துறவி என்று ஒவ்வொரு கவிதையிலும் ஒரு பாத்திரம் முன்னால் வந்து பேசும். இவை கற்பனை மனிதர்களின் பேச்சு, என்னுடையதல்ல என்று 1842லேயே தன் தொகுப்பின் முகப்பில் அறிவித்தவர் அவர். டார்செட் தெருவில் அன்று கேட்டவர்கள் போற்றியதும் அந்தப் பாத்திர நடிப்பைத்தான். நற்செய்திக் கவிதையிலும் 'நான்' என்று பேசுவது ஒரு கற்பனைக் குதிரைவீரன். ஏப்ரல் 7 அன்று அந்த வீரன் சில வரிகளிலேயே சறுக்கி விழுந்துவிட்டான். அவன் விழுந்த இடத்திலிருந்து வேறொருவர் பேசத் தொடங்குகிறார். எந்த யாப்பும் இல்லாத, எழுதி வைக்காத, தடுமாறும் பேச்சு. மன்னிப்புக் கேட்கிறார், வியக்கிறார், பிறகு தன் பெயரைச் சொல்கிறார். வாழ்நாளெல்லாம் பாத்திரங்களுக்குப் பின்னால் நின்ற மனிதர் மறதியின் தயவால் முன்னால் வந்துவிட்டார். நினைவு ஒத்துழைத்திருந்தால் உருளை முழுக்கக் குதிரை ஓடியிருக்கும். பிரௌனிங் நமக்குக் கிடைத்திருக்கமாட்டார்.

அந்த மன்னிப்பில் இருக்கும் நாணத்தையும், வியப்பில் ததும்பும் சிறுபிள்ளை மகிழ்ச்சியையும் எந்த வாழ்க்கை வரலாறும் எனக்குத் தந்ததில்லை. குரலின் உயரம் பற்றி மட்டும் கவனமாக இருக்க வேண்டும். உருளை எந்த வேகத்தில் சுழன்றது என்று அந்தக் காலத்தில் யாரும் குறித்துவைப்பதில்லை. சற்று வேகமாக ஓட்டினால் கிழவர் வாலிபராகிவிடுவார், மெதுவாக ஓட்டினால் களைத்தவராகிவிடுவார். இரண்டு கவிஞர்களின் பதிவுக்கும் இது பொருந்தும். ஆனால் தயக்கத்தின் இடைவெளிகளும் நாக்கு சொல்லைத் தேடும் விதமும் எந்த வேகத்திலும் மாறுவதில்லை.

பதிவான பிறகு இரண்டு குரல்களுக்கும் நேர்ந்த கதையிலும் அதே வேறுபாடு தொடர்கிறது. பிரௌனிங் இறந்த முதலாம் ஆண்டு நாளில், 1890 டிசம்பர் 12 அன்று, லண்டனில் அவருடைய அபிமானிகள் சிலர் கூடி அந்த உருளையை ஓட்டிக் கேட்டார்கள். அவர் உயிரோடு இருந்தபோதே அவர் பெயரில் சங்கம் தொடங்கிய ஃபர்னிவாலும் அங்கே இருந்தார். இறந்த ஒருவரின் குரல் கல்லறைக்கு அப்பாலிருந்து கேட்கப்பட்டது இதுவே முதல் தடவை என்று அப்போது சொல்லப்பட்டது. ஆவிகளை அழைக்கும் கூட்டத்தோடு அதை ஒப்பிட்டும் எழுதினார்கள். பிரௌனிங் அறவே வெறுத்த விஷயம் அது. 1855 கோடையில் டி. டி. ஹோம் என்ற ஆவியழைப்பவரின் கூட்டத்துக்கு எலிசபெத்தோடு போய்வந்தவர் அவர். எலிசபெத் நம்பினார், இவர் கொதித்தார். அந்தக் கோபம் பிற்பாடு 1864 தொகுப்பில் 'மிஸ்டர் ஸ்லட்ஜ்' என்ற நீண்ட கவிதையாக வெளிவந்தது. அவருடைய தங்கை சாரியன்னா இந்த உருளைக் கூட்டத்தைக் கேள்விப்பட்டு மனம் நொந்தார். அண்ணனின் செத்த குரலை வேடிக்கைப் பொருளாக்கிவிட்டார்களே, கடவுள் மன்னிக்கட்டும், என்னால் முடியவில்லை என்கிற அளவுக்குக் கடிதத்தில் எழுதினார். அந்தக் குரலோடு கூடவே வாழ்ந்தவர் அவர். கருவியிலிருந்து வரும் குரல் அவருக்கு அவமதிப்பாகப் பட்டதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. நமக்கோ ஒப்பிட்டுப் பார்க்க வேறு குரல் இல்லை.

டென்னிசனின் பதிவுக்கு இப்படியொரு பதற்றம் நேரவில்லை. அது போன திசை வேறு. பாலக்லாவாவில் பிழைத்துவந்த பழைய சிப்பாய்கள் பலர் வறுமையில் வாடுவது 1890இல் பெரிய செய்தியாகி, அவர்களுக்கு நிதி திரட்டினார்கள். அதன் பொருட்டு அந்த ஜூலை 30 அன்று ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் லண்டனில் தன் வீட்டிலிருந்தே உருளையில் பேசினார். ஆகஸ்ட் 2 அன்று, அந்தப் போர்க்களத்தில் இருந்த எக்காளக்காரர் மார்ட்டின் லேன்ஃப்ரீட் பாய்ச்சலுக்கான ஊதலை மறுபடி ஊதிப் பதிவு செய்தார். மே மாதத்து டென்னிசன் குரல் இவற்றோடு சேர்ந்துகொண்டது. ஒரே போரைப் பற்றிச் செவிலியின் குரல், எக்காளத்தின் குரல், கவிஞரின் குரல். அவர் பதிவு ஒரு பொது நிகழ்வின் பகுதியாயிற்று. பிரௌனிங்கின் பதிவு கடைசி வரை ஒரு விருந்து வீட்டுச் சம்பவமாகவே இருந்தது. அரசவைக் கவிஞருக்கு அதுவும் பொருத்தம், விருந்துகளில் பேச்சுக்குப் பெயர்போன பிரௌனிங்குக்கு இதுவும் பொருத்தம். டென்னிசனின் உருளைகள் இப்போது லிங்கன் நகரில் அவர் பெயரில் இயங்கும் ஆய்வு மையத்தின் சேகரிப்பில் இருக்கின்றன. பேரன் சார்லஸ் டென்னிசன் தன் முதுமைவரை தாத்தாவின் குரலுக்கும் எழுத்துக்கும் காவலராக இருந்தார்.

இருவரையும் போட்டியாளர்களாகப் பார்ப்பது இலக்கிய வரலாற்றில் பழகிப்போன வழக்கம். அவர்கள் அப்படிப் பார்க்கவில்லை. பிரௌனிங் 1872இல் தன் தேர்ந்தெடுத்த கவிதைகளை டென்னிசனுக்குக் காணிக்கையாக்கினார். டென்னிசன் 1885இல் 'டைரீசியஸ்' தொகுப்பை பிரௌனிங்குக்குக் காணிக்கையாக்கினார். 1889 ஆகஸ்டில் டென்னிசனின் எண்பதாவது பிறந்தநாளுக்கு பிரௌனிங் அன்பு பொங்க ஒரு வாழ்த்துக் கடிதம் எழுதினார். அந்த டிசம்பர் 31 அன்று பிரௌனிங்கை வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்தார்கள். மூன்றாவது ஆண்டு அக்டோபரில் டென்னிசனை அவருக்குப் பக்கத்திலேயே கிடத்தினார்கள்.

நான் இவற்றைக் கேட்கும்போது ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் டென்னிசன். கண்ணை மூடிக்கொண்டு சொற்களை விட்டுவிட்டு அடிகளை மட்டும் எண்ணுவேன்: தும்-தத, தும்-தத. சொல் புரியாத இடத்திலும் எண்ணிக்கை தவறாது. அடுத்தது பிரௌனிங். அதில் எண்ண எதுவும் இல்லை. குதிரை நிற்கிறது, கிழவர் மன்னிப்புக் கேட்கிறார், பெயரைச் சொல்கிறார். அதற்குப் பிறகு வருகிற 'ஹுர்ரே' பிரௌனிங்கினுடையது அல்ல. குழலைச் சுற்றி நெருக்கி நின்ற விருந்தாளிகளுடையது. அவர்களில் ஒருவர் குரலையும் இன்று நம்மால் பெயர் சொல்லி அடையாளம் காட்ட முடியாது. கவிதை மறந்துபோன பெரியவரைத் தேற்ற அவர்கள் எழுப்பிய அந்தக் கூச்சல், உருளையின் ஓரத்துக்கு ஊசி வந்து சேரும் மட்டும் கேட்கிறது.